தருவைகுளத்துக்கு முந்திய மண்டபம்

மார்கழி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை நாலே காலுக்கு வேம்பாரில் ஒரு அம்மன் கோயில் முன்னால் நிறுத்தி என்னையும் ஒரு தலையாக எண்ணினார்கள். திருச்செந்தூருக்கு நடந்துபோகிற குழு. எல்லாரும் பச்சை வேட்டி, கழுத்தில் மாலை, வெறுங்கால். நடுவில் வெள்ளை வேட்டியும் கான்வாஸ் செருப்புமாக நான். நாசரேத்துக்காரன், அந்த நேரத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருக்க வேண்டியவன்.

“போஸ்ட்மாஸ்டர் சார், மாலை போடாட்டிப் பரவால்ல. ஊர் திரும்புத வரைக்கும் கவுச்சி மட்டும் வேண்டாம்,” என்றார் பெரியசாமி. உப்பளத்தில் கங்காணி. இந்தப் பயணத்தில் மட்டும் குருசாமி. குழுவை நடத்திப் போகிறவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கையில் ஆளுயர வேல். இருட்டில் ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எனக்குக் கடைசி எண் மட்டும் கேட்டது.

“பதிமூணு. சரி. கிளம்புங்க.”

வெளிச்சம் வந்ததும் நான் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். பாயும் பாத்திரமும் ஏற்றிப் பின்னால் வருகிற லோடு ஆட்டோவின் ஓட்டுநரையும் சேர்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு குறிப்பேட்டில் பதின்மூன்று என்றே எழுதினேன். முப்பத்தைந்து வருடம் தபால் நிலையத்தில் காலையில் முதல் வேலையாகத் தேதி முத்திரையைத் திருப்பி வைத்தவன் நான். எண்களை அவ்வளவு சுலபமாக விட்டிருக்கக்கூடாது.

நான் நடந்தது பக்திக்காக அல்ல. ஒரு தேதிக்காக.

தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த தபால் நிலையத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்தவர் செல்லத்துரை அண்ணாச்சி. பிறந்தது வேம்பார்ப் பக்கம் என்பதால் வருடா வருடம் இந்தக் குழுவோடுதான் நடப்பார். சென்ற ஆண்டு தை மாதம் பதினைந்து பேராகப் போனார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் தருவைகுளத்துக்கு முந்திய சாலையோர மண்டபத்தில் தங்கினார்கள். மறுநாள் விடியுமுன் கிளம்பிவிட்டார்கள். காலை ஒன்பது மணிக்கு அந்த மண்டபத்தில் அண்ணாச்சியின் உடல் கிடந்தது. மீன்காரப் பெண் ஒருத்தி பார்த்துச் சொல்லிப் போலீஸ் வந்தது.

குழுவைக் கேட்டால், “கிளம்பும்போது எண்ணினோம், ஆள் சரியா இருந்துச்சி,” என்றார்கள். வீடு தூத்துக்குடியிலேயே இருப்பதால் வழியில் பிரிந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று மத்தியானம் வரை நினைத்திருக்கிறார்கள். மீன்காரப் பெண், “நான் பாக்கும்போதே உசுரு இல்ல,” என்று சொல்லியிருக்கிறாள். மாரடைப்பு என்று தாளில் எழுதியாயிற்று. எந்த நேரம் என்று எங்கும் இல்லை.

நேரம் தெரியாமல் திதி வைக்க முடியாது. பஞ்சாங்கப்படி அன்று விடியும் வரை துவாதசி, விடிந்தபின் திரயோதசி. முதல் வருடத் திதி தை மாதம் வருகிறது. அண்ணாச்சியின் மனைவி பொன்னுத்தாய் மதினி என்னை வீட்டுக்கு அழைத்துப் பஞ்சாங்கத்தை முன்னால் வைத்தார்கள்.

“எந்த நாள்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். தேதி விசயத்துல ஒங்களத்தான் நம்புவாவ.” பிறகு, “எண்ணும்போது ஆள் சரியா இருந்துச்சின்னா, அவிய எப்படி அங்கன கெடந்தாவ?” என்றார்கள்.

இரண்டாவது கேள்வியால்தான் அவர்கள் ஒரு வருடமாகத் தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இந்த ஆண்டு, தை பிறந்தால் உப்பளத்தில் வேலை தொடங்கிவிடும் என்று குழு மார்கழியிலேயே கிளம்பியது. நானும் சேர்ந்துகொண்டேன்.

முதல் நாள் நடை எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. ஏழு மணிக்கே செருப்பு கடித்தது. குழுவில் முத்துராஜ் என்று ஒருவர், குருசாமியின் தங்கை மகன், முப்பது வயதிருக்கும். என் நடையைப் பார்த்துவிட்டு, “சார், ஒங்க செருப்புக்குத் தனியா ஒரு மாலை போட்டுருக்கணும். அதுதான் கடும் விரதம் இருக்கு, ஒங்கள நடக்க விடாம,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். முத்துராஜுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் டேலி கிளார்க் வேலை. கப்பலில் ஏறி இறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிக்கிற வேலை.

சாலையின் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். மழைத் தண்ணீர் நின்று பாத்தியும் வரப்பும் தெரியவில்லை. எங்கள் நாசரேத்துப் பக்கம் தேரி மண் சிவப்பு. கண்ணைத் திறந்தால் சிவப்பும் பனையும்தான். இங்கே எல்லாம் சாம்பல். தூரத்தில் நாரைகள் நிற்கிற இடத்தை வைத்துத்தான் ஆழம் குறைவு என்று கண்டுகொள்ள வேண்டும்.

வைப்பாற்றில் முஸ்லிம் பாய் ஒருவரின் டீக்கடை. நடக்கிறவர்களுக்காக மார்கழி, தை இரண்டு மாதமும் நாலு மணிக்கே திறந்துவிடுவாராம். மேலே கொக்கியில் புதிதாய் ஒரு பித்தளைப் பாத்திரம் தொங்கியது.

“இதுல ஒங்களுக்கு மட்டுந்தான் சுக்குக் காப்பி. முட்டை போட்ட சட்டி அங்கன இருக்கு, சந்தேகம்னா மோந்து பாருங்க,” என்றார் பாய்.

“ஒங்கள மோந்து பாத்தாலே போதும் பாய், முட்டை வாசம் தெரியும்,” என்றார் குழுவில் ஒருவர்.

“ஏலே, போன வருசமும் இதையேதான் சொன்ன. ஒரு வருசத்துல புதுசா ஒண்ணு யோசிக்க முடியலயா?”

கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. இரண்டு டம்ளர் குடித்தேன். பாய் என்னை ஓரமாக அழைத்து, “செல்லத்துரை அண்ணாச்சி இந்த பெஞ்சிலதான் இருப்பாரு. காப்பிய வாங்கினா மொதல்ல டம்ளர வெளிச்சத்துல காட்டிப் பாப்பாரு. கடைக்காரர் பழக்கம்,” என்றார்.

அன்று தங்கியது குளத்தூரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில். நான்கு பக்கமும் திறந்தது, தரை சிமெண்ட், ஒரு மூலையில் கால் கழுவத் தொட்டி. உத்தரத்தில் உபயம் என்று போட்டு நாலைந்து பெயர்கள். கட்டிய ஆண்டைத் தேடினேன். சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டது. தூண்களில் மட்டும் கரியாலும் செங்கல்லாலும் ஊர் ஊராக எழுதியிருந்தார்கள்: எந்த ஊர்க் குழு, எத்தனை பேர், என்ன தேதி. தங்குகிற இடத்தில் எல்லாம் இப்படி எழுதுவது வழக்கமாம். குருசாமியும் ஒரு கரித்துண்டை எடுத்து, “வேம்பார், 13 பேர்” என்று எழுதித் தேதியும் போட்டார்.

என் மகள் நியூசிலாந்தில் இருக்கிறாள். மூன்று மாதம் அங்கே இருந்தபோது மலைப்பாதை ஒன்றில் இரண்டு நாள் நடக்க அழைத்துப்போனாள். வழியில் இரவு தங்க மரக் குடில்கள். மெத்தை, அடுப்பு, மழைத்தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. மேசைமேல் ஒரு பதிவேடு. பெயர், தேதி, எத்தனை பேர், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கட்டம் கட்டியிருந்தது. ஒருவர் அடுத்த குடிலுக்கு வந்து சேரவில்லை என்றால் அந்தக் கடைசிக் கட்டத்தை வைத்துத்தான் தேடுவார்களாம். அங்கே இரவில் யாரும் யாரோடும் பேசவில்லை. அவரவர் பையிலிருந்து அவரவர் உணவு. இங்கே பதிவேடு இல்லை. ஆனால் குளத்தூரில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அண்டாவில் வெண்பொங்கல் கொண்டுவந்து இறக்கி, நாங்கள் சாப்பிடும் வரை நின்று, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று வைத்தது. எது மேல் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. தூணில் பெயர் இல்லை, எண் மட்டும் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், திங்கட்கிழமை, பத்து மணிவாக்கில் லோடு ஆட்டோ சேற்றில் இறங்கிவிட்டது. எதிரே வந்த உப்பு லாரிக்கு ஒதுங்கியதில் இடது சக்கரம் இரண்டும் பாத்திக்குள். எல்லாரும் சேற்றில் இறங்கித் தள்ளினோம். பச்சை வேட்டிகள் எல்லாம் சாம்பல் வேட்டிகள் ஆனதுதான் மிச்சம்.

“சார், ஒங்க செருப்ப அடியில போடுங்க, சக்கரம் ஏறும்,” என்றார் முத்துராஜ்.

போட்டேன். செருப்பு போனது, சக்கரம் ஏறவில்லை.

டிராக்டர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது. குருசாமி தன் கையிலிருந்த வேலை முத்துராஜிடம் கொடுத்தார். “வெயிலுக்கு முந்தி இவங்களக் கூட்டிட்டு நட. நான் வண்டியோட வாரேன்.” ஓட்டுநரும் அவரும் நின்றுகொண்டார்கள். நாங்கள் ஒரு கிலோமீட்டர் போல நடந்து, ஒரு உடை மர நிழலில் ஒதுங்கினோம். மறுபடி கிளம்புமுன் முத்துராஜ் எண்ணினார். மாமா செய்வதுபோலவே வேலைத் தொட்டு “முருகா” என்று தொடங்கி, “ரெண்டு, மூணு” என்று ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசியாகத் தன் நெஞ்சைத் தொட்டார்.

“பன்னெண்டு. பன்னெண்டு பேரும் இருக்கோம். சரி, நடங்க.”

நடந்தோம். வெறுங்காலுக்குத் தார்ச்சாலை சுட்டது. பத்தடி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் பன்னிரண்டு பேர். ஆனால் பன்னிரண்டில் ஒருவரான குருசாமி பின்னால் சேற்றில் நின்றுகொண்டிருக்கிறார். எப்படிச் சரியாகும்?

நின்று, ஒவ்வொருவராக எண்ணினேன். பதினொன்று.

குறிப்பேட்டில் மட்டும் எழுதினேன்.

தருவைகுளத்துக்கு முந்திய மண்டபத்துக்கு ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு வருடமாக மனதில் கட்டி வைத்திருந்த மண்டபம் பெரிதாக இருந்தது, இது சிறியது. எட்டுத் தூண், காங்கிரீட் கூரை, சாலைப் பக்கம் திறப்பு, பின்பக்கம் சுவர். தெற்குக் கோடித் தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு இடம். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது. “குறட்டை விடுவேன்னு அண்ணாச்சியே அங்கன போய்ப் படுத்துக்கிடுவாக,” என்றார் ஒருவர், நான் கேட்காமலே.

மூன்றாவது தூணில் சென்ற ஆண்டின் எழுத்து இருந்தது. “வேம்பார், 16 பேர்.” கீழே தேதி. குருசாமியின் கையெழுத்துத்தான்.

டிராக்டர் இழுத்துவிட, குருசாமி ஆட்டோவோடு வந்து இறங்கிக் கால் கழுவியதும் அவரைத் தூணுக்கு அழைத்துப் போனேன். மதினி வீட்டில் இருக்கும் படத்தில், போன ஆண்டு கிளம்பும்போது எடுத்தது, பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றேன்.

“ஆமா. பதினஞ்சு பேருதான்.”

“பதினாறுன்னு எழுதியிருக்கீங்களே.”

“வேலோட சேத்து.” இதைக்கூடவா கேட்பது என்று என்னைப் பார்த்தார். “முருகந்தான சார் மொத ஆளு? அவரத் தொடாம எப்படி எண்ணுதது? நெல்லு அளக்கும்போது ஒண்ணுன்னா சொல்லுதோம், லாபம்னுதான சொல்லுதோம்? அதுமாரி. எங்க அய்யா காலத்துலருந்து அப்படித்தான்.”

“அன்னைக்கு காலையில நீங்களா எண்ணினீங்க?”

பாயை உதறிக்கொண்டிருந்த முத்துராஜ் உதறுவதை விட்டுவிட்டார்.

“எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்,” என்றார் குருசாமி மெதுவாக. “காதச் சுத்தித் துண்டக் கட்டிட்டு வரிசையில நின்னேன். இவந்தான் வேலப் பிடிச்சி எண்ணுனான். சரி மாமான்னு சொன்னான்.”

“எத்தனைன்னு சொன்னார்?”

“சரின்னு சொன்னான்.”

முத்துராஜ் எங்களைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பதினஞ்சு.”

வேலைத் தொட்டு முதல் ஆள் என்று தொடங்கினால் பதினைந்து பேருக்குப் பதினாறு வர வேண்டும். பதினைந்துதான் வந்தது. தாங்கள் பதினைந்து பேர் என்று முத்துராஜுக்குத் தெரியும். அதனால் சரி என்று தோன்றியிருக்கிறது. மாமாவின் முறையில் எண்ணித் தன் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டார். ஒரு ஆளின் இடத்தில் வேல் நின்றுவிட்டது.

“இன்னைக்கு உடை மரத்தடியிலயும் அப்படித்தான் எண்ணினீங்க,” என்றேன். “குருசாமி இல்லாமலே பன்னிரண்டு சரியா இருந்தது.”

சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி போய் அதன் சத்தம் அடங்கும் வரை முத்துராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருசம் ஊருக்குப் போய் ஒரு வாரத்துல எனக்குத் தோணிருச்சி சார்,” என்றார். “எண்ணுனியா, எண்ணுனியான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. எண்ணுனேன்னு சொன்னேன். பொய் இல்ல. எப்படி எண்ணுனன்னு ஒருத்தரும் கேக்கல.”

அன்று சாப்பாடு எலுமிச்சம்பழச் சோறும் துவையலும். பாதிப்பேர் இலையை மடித்துவிட்டார்கள்.

அந்த மீன்காரப் பெண் தருவைகுளத்துக்காரி, பெயர் செசிலி, தினமும் விடியற்காலை இங்கேதான் முதல் பஸ்ஸுக்கு நிற்பாள் என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் சொன்னார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை நாங்கள் நான்கு மணிக்குக் கிளம்பவில்லை. எல்லாரும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஐந்தரைக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலைச்சுமையை மண்டபத்துக்கு வெளியிலேயே இறக்கி வைத்தாள். மாலைபோட்டவர்கள் இருக்கும் இடம் என்று அவளாகவே ஒதுங்கி நின்றாள்.

நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது.

“அதான் அன்னைக்கே எழுதிட்டுப் போனாவளே. பாக்கும்போதே உசுரு இல்ல.”

“அது போலீசுக்கு அக்கா. நான் போலீஸ் இல்ல. அவர் சம்சாரம் கேக்காங்க. திதி வைக்க நாள் தெரியணும். விடியுமுன்னா ஒரு நாள், விடிஞ்சபிறகுன்னா ஒரு நாள்.”

“ஒரு மணிநேரத்துலயா ரெண்டு நாள் வரும்?”

“வரும்.”

அவள் கூடையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். பஸ் வந்தது. கை காட்டவில்லை. பஸ் போன பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அன்றே, வரிசை மாறாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

“நான் வரும்போது யாருமில்ல, எல்லாரும் போயாச்சி. இந்தத் தூணுக்குப் பின்னாடி ஒருத்தரு படுத்துருந்தாரு. தூங்குதாருன்னு விட்டுட்டேன். அன்னைக்கு மொத பஸ்ஸும் வரல. கொஞ்சம் வெளிச்சம் வந்தபிறகு, தாயீன்னு ஒரு சத்தம். போய்ப் பாத்தா வேர்த்துக் கெடக்காரு. தண்ணின்னாரு. எங்கிட்ட பாட்டில்ல தண்ணி இருக்கு. ஆனா மாலை போட்டுருக்காரே. நான் சொன்னேன், அண்ணாச்சி, மீன் கையின்னு. அதுக்கு அவரு, ‘தாகத்துக்கு மீன் கை ஏதுளா, ஊத்து’ன்னாரு. அங்கன தொட்டியில கையக் கழுவிட்டுத்தான் ஊத்துனேன். ரெண்டு முழுங்கு குடிச்சாரு.”

அவள் சாலையைக் காட்டினாள்.

“பெட்டிக்கடை தெறக்கல. ரோட்டுல நின்னு கையக் காட்டுனேன். ரெண்டு வண்டி நிக்காமப் போயிருச்சி. எங்கிட்ட போனு கெடையாது. அவரு போனு பைக்குள்ள இருந்துருக்கு, எனக்குத் தெரியல. திரும்பி வந்தா, எங்க ஆளுக எங்கன்னு கேட்டாரு. போயிட்டாவளே அண்ணாச்சின்னேன். அவரு பயப்படவே இல்ல. ‘எண்ணிப் பாப்பானுவ. இப்ப வந்துருவானுவ’ன்னாரு. அந்தப் பனைக்கு மேல சூரியன் வந்துருச்சி. நான் தலையப் பிடிச்சிட்டு ஜெபம் சொன்னேன், எனக்குத் தெரிஞ்சது அதுதான். முடிக்குமுன்னாடி போயிட்டாரு.”

“ஏன் அன்னைக்கு இதைச் சொல்லல அக்கா?”

“விரதக்காரருக்கு மீன் கையால தண்ணி குடுத்தேன். அதான் செத்தாருன்னு யாராவது ஒருத்தர் சொன்னா நான் என்ன செய்யிறது? நானே எத்தன நாள் அப்படி நெனச்சேன் தெரியுமா?”

குருசாமி எழுந்து அவளுக்கு நேரே போனார். மாலையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார். அவள் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். முத்துராஜ் தெற்குக் கோடித் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வெகுநேரம் வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

விடிந்தபின். திரயோதசி. எனக்கு வேண்டிய தேதி கிடைத்துவிட்டது. அதைச் சுமந்துகொண்டு தூத்துக்குடி வரை நடந்தது போல ஒரு நடை நான் நடந்ததில்லை. மதினியிடம் நாளை மட்டும் சொல்லிவிட்டு, “வந்துருவானுவ” என்று அண்ணாச்சி சொன்னதை விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரிந்தது. ஊர் நெருங்க நெருங்க லாரிகள் கூடின. வெறுங்காலில் கொப்புளம் உடைந்தது. முடிவுக்கு வர முடியவில்லை.

முடிவு என் கையில் இருக்கவில்லை. மத்தியானம் மதினி வீட்டு வாசலில் நான் அழைப்பு மணியை அழுத்தியபோது முத்துராஜ் பின்னால் வந்து நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அவரே எல்லாவற்றையும் சொன்னார். எண்ணியது, பதினைந்து வந்தது, செசிலி சொன்னது, தண்ணீர், கடைசி வார்த்தை. எதையும் குறைக்கவில்லை.

மதினி நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்கள். முடிந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை, என்னிடம் திரும்பி, “தண்ணி குடிச்சாவளா?” என்று கேட்டார்கள்.

“ரெண்டு முழுங்கு.”

“கேட்டுக் குடிச்சாவளா?”

“கேட்டுத்தான். அந்த அம்மா மீன் கைன்னு தயங்கியிருக்காங்க.”

“கடைக்குப் பக்கத்துக் கடை முப்பது வருசமா கருவாட்டுக் கடை. அவியளுக்கா மீன் வாசம் தெரியாது?” என்றார்கள். சிரிப்பு வருவதுபோல வந்து, முகம் வேறு பக்கமாகப் போய்விட்டது. பஞ்சாங்கத்தை எடுத்து, திரயோதசி நாளில் பேனாவால் சுற்றினார்கள். அன்றைக்கு செசிலியையும் வரச் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லி அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார்கள். முத்துராஜிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தலையைக் குனிந்தபடியே திரும்பிப் போனார்.

தூத்துக்குடியில் நாங்கள் தங்கியது ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம். மின்விசிறி, குழாய்த் தண்ணீர், கண்ணாடிக் கதவு. வழியில் தங்கியவற்றில் வசதியானது இதுதான்; குறிக்க ஒன்றும் இல்லாததும் இதுதான். சுவரில் எழுதக்கூடாது என்று பலகை.

புதன்கிழமை விடியற்காலை கிளம்பத் தயாராகி வாசலுக்கு வந்தபோது, படிக்குக் கீழே ஒரு ஆட்டோ நின்றது. மதினி நின்றார்கள். பக்கத்தில் ஒரு குடம், கையில் ஒரு டம்ளர்.

குருசாமி வேலைத் தூக்கியவர் அப்படியே நின்றார். வரிசையில் நிற்க யாரும் சொல்லாமலே எல்லாரும் நின்றார்கள். மதினி குடத்தைச் சாய்த்து டம்ளரை நிரப்பி முதல் ஆளிடம் நீட்டினார்கள்.

“ஒண்ணு,” என்றார்கள்.

அவர் குடித்துவிட்டுக் கொடுத்தார். மறுபடி நிரப்பினார்கள். “ரெண்டு.” ஒருவர் குடித்து முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகுதான் அடுத்தவர். நான் ஏழு. முத்துராஜ் பதினொன்று. அவர் அவசரமாக வாய்க்குக் கொண்டுபோனதில் பாதித் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. டம்ளரை வாங்கி, மறுபடி நிரப்பி, “முழுசாக் குடி,” என்றார்கள். அவர் முழுதாகக் குடித்தார். அவருடைய எண்ணை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள்.

குருசாமி பன்னிரண்டு. குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தன் தோளில் சாய்ந்திருந்த வேலைப் பார்த்தார். எத்தனையோ வருடப் பழக்கம்.

“மதினி, வேலு?”

“அது தண்ணி குடிக்காது அண்ணாச்சி,” என்றார்கள். டம்ளரை வாங்கிக் குடத்தின்மேல் கவிழ்த்தார்கள். “பன்னெண்டு. பாத்துப் போயிட்டு வாங்க.”